பூதவாதம்

பூதவாதம் என்பது, உலகமும் உயிர்களும் அறிவும் நிலம், நீர், தீ, காற்று முதலிய பூதங்களின் சேர்க்கையாலேயே தோன்றுகின்றன என்று கூறிய பண்டைய மெய்யியல் கொள்கை ஆகும். இவற்றை விளக்குவதற்குக் கடவுள், ஆன்மா, மறுபிறப்பு ஆகியன தேவையில்லை என்பது இக்கொள்கையினரின் நிலைப்பாடு. இவர்கள் பூதவாதிகள் எனப்பட்டனர். வடமொழி நூல்களில் உலகாயதம், சார்வாகம் என அறியப்படும் பொருள்முதல்வாத மரபுடன் பூதவாதம் நெருங்கிய தொடர்புடையது. எனினும் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல.

பூதவாதிகள் எழுதிய தமிழ் நூல் எதுவும் இன்று கிடைக்கவில்லை. பௌத்த நூலான மணிமேகலை, சமண நூலான நீலகேசி, சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் ஆகியவற்றில் மறுக்கப்படும் தரப்பாகவே இக்கொள்கை காணப்படுகிறது. ஆகவே எதிரிகளின் சொற்கள் வழியாகவே இதனை அறிய வேண்டியுள்ளது.

சொற்பொருள்

இங்கு பூதம் என்பது பேயைக் குறிப்பதன்று. உலகத்தின் அடிப்படைப் பொருளைக் குறிப்பது. நிலம், நீர், தீ, காற்று, வான் ஆகிய ஐந்தும் ஐம்பூதங்கள் எனப்படும். உலகம் ஐம்பூதங்களின் கலப்பு என்னும் கருத்து தொல்காப்பியத்தின் மரபியலிலும் புறநானூற்றின் இரண்டாம் பாடலிலும் இடம்பெறுகிறது. எனவே ஐம்பூதக் கருத்து பூதவாதிகளுக்கு மட்டும் உரியதன்று. சைவரும் வைணவரும் பிறரும் அதனை ஏற்றுக்கொண்டவர்களே. பூதங்களுக்கு அப்பால் வேறொன்றும் இல்லை என்று கூறியதே பூதவாதிகளைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தியது.

வாதம் என்பது கொள்கை, கொள்கையை நிலைநாட்டும் உரையாடல் என்னும் இரு பொருளையும் தரும்.

பின்னணி

இந்தியாவில் பொருள்முதல்வாதக் கருத்துகள் மிகப் பழமையானவை. பௌத்தரின் தீக நிகாயம், புத்தர் காலத்தவரான அசித கேசகம்பளி என்பவரைப் பற்றிக் குறிப்பிடுகிறது. மனிதன் நான்கு பூதங்களால் ஆனவன், இறந்தபின் அவை தத்தம் இடத்திற்குத் திரும்புகின்றன, அறிஞனுக்கும் மூடனுக்கும் மரணத்திற்குப்பின் எதுவும் எஞ்சுவதில்லை என்பது அவரது போதனை. கௌடிலியரின் அர்த்தசாத்திரம், ஆராய்ச்சிக்குரிய அறிவுத்துறையாகச் சாங்கியம், யோகம் ஆகியவற்றுடன் உலகாயதத்தையும் சேர்த்துக் கூறுகிறது. இம்மரபின் முதலாசிரியர் பிருகற்பதி என்பது வழக்கு.

தீக நிகாயத்திலுள்ள பாயாசி சுத்தம் குறிப்பிடத்தக்கது. மறுமையை நம்பாத பாயாசி என்னும் தலைவன், மரண தண்டனை பெற்றவர்களைக் கொண்டு தான் செய்த கொடிய சோதனைகளை அதில் விவரிக்கிறான். ஒருவனைச் சாடியில் அடைத்து மூடி, அவன் இறந்தபின் உயிர் வெளியேறுகிறதா என்று பார்த்தான். மற்றொருவனை இறப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தான். உயிர் எதுவும் புலப்படவில்லை என்பது அவன் முடிவு. பௌத்தத் துறவியான குமார காசியபர், சங்கு தானே ஒலிப்பதில்லை, ஊதுபவன் வேண்டும் என்னும் உவமையால் விடை கூறுகிறார். காய்ச்சிய இரும்புக் குண்டு எடை குறையும் என்றும் அவர் கூறுகிறார். இக்கூற்று இன்றைய இயற்பியலுக்குப் பொருந்தாது. ஆயினும் புலனுக்கு எட்டாத ஒன்றை நிறுத்துப் பார்த்து இல்லை எனத் துணியலாமா என்பதே அங்கு எழுப்பப்படும் வினாவாகும்.

மணிமேகலையில் பூதவாதம்

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் கதை, காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரில் தொடங்குகிறது. நூலின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதன் 27ஆம் காதை சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை எனப்படும். இதில் மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் வஞ்சி நகரம் சென்று, அளவைவாதி முதலாகப் பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கைகளைக் கேட்கிறாள். இவ்வரிசையில் இறுதியில் பேசுபவன் பூதவாதி. இதே காதையில் அளவைவாதி ஆறு சமயங்களை எண்ணும்போது உலகாயதத்தை முதலில் வைத்து, அதன் ஆசிரியராகப் பிருகற்பதியைக் குறிப்பிடுகிறான்.

பூதவாதியின் கொள்கைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

- தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டும்போது கள்ளில் மயக்கும் தன்மை பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது.
- பூதங்கள் பிரியும்போது, பறையின் ஓசை அடங்குவதுபோல, உணர்வும் இல்லாமற் போகிறது.
- உயிருள்ள பூதம், உயிரில்லாத பூதம் என இருவகை உண்டு. ஒவ்வொன்றும் தன் இனத்திலிருந்தே தோன்றும்.
- நேரடிக் காட்சியே உண்மையை அறியும் வழி. கருதல் அளவை, அதாவது அனுமானம், ஏற்கத்தக்கதன்று.
- இப்பிறப்பும் இதன் பயனும் மட்டுமே உண்டு. மறுமையில் வினைப்பயன் நுகர்தல் என்பது பொய்.

உயிருள்ள பூதத்தையும் உயிரில்லாத பூதத்தையும் பிரித்துக் கூறுவதே இவனை உலகாயதரிடமிருந்து வேறுபடுத்துகிறது. உணர்வற்ற பூதங்களிலிருந்தே உணர்வு தோன்றும் என்பது உலகாயதரின் பொதுவான கொள்கையாகும்.

மணிமேகலையின் மறுப்பு

மணிமேகலை மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை அறிந்தவள். ஆகவே மறுபிறப்பு பொய் என்று கேட்டதும் நகைக்கிறாள். முற்பிறப்பை அறிந்தோர் இருக்கின்றனர் என்பது அவள் கருத்து. அதற்குப் பூதவாதி, தெய்வ மயக்கத்தாலும் கனவாலும் மனம் பேதலித்தோர் அவ்வாறு உணர்வதுண்டு என்று விடை கூறுகிறான்.

இவ்விடை தனித்துக் கருதத்தக்கது. சமய அனுபவம் ஒன்றை அவன் வெறும் பொய் என்று ஒதுக்கவில்லை. அந்த அனுபவம் மனத்தின் நிலையால் ஏற்பட்டது என விளக்குகிறான். தமிழ் இலக்கியத்தில் இத்தகைய இயற்கை விளக்கம் வெளிப்படையாகக் கூறப்படும் பழைய இடங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

மணிமேகலை இதற்கு வேறொரு வினாவால் விடை கூறுகிறாள். உன் தந்தையையும் தாயையும் அனுமானத்தால் அன்றி வேறு எவ்வகையில் அறிவாய் என்பது அவ்வினா. தான் பிறந்ததை எவரும் கண்டிருக்க முடியாது. காட்சியை மட்டும் ஏற்பவனால் பெற்றோரைக்கூட உறுதிசெய்ய இயலாது. காட்சி ஒன்றே அளவை என்னும் கொள்கையின் வலுவற்ற பகுதியை இவ்வினா சரியாகத் தொடுகிறது. அனுமானம் தேவை என்பதை இவ்வாதம் நிலைநாட்டுகிறது. ஆனால் மறுபிறப்பு உண்டு என்பதை இது தன்னளவில் நிறுவவில்லை.

நீலகேசியில் பூதவாதம்

நீலகேசி ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று. குண்டலகேசி என்னும் பௌத்த நூலுக்கு மறுப்பாகச் சமணர் இயற்றியது. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. இதற்குச் சமயதிவாகரம் என்னும் உரை உண்டு. 1936இல் அ. சக்கரவர்த்தி இதனைப் பதிப்பித்தார். இந்நூலின் பத்துச் சருக்கங்களில் இறுதியானது பூதவாதச் சருக்கம் ஆகும்.

இதில் பூதவாதியின் பெயர் பிசாசகன். ஐம்பூதங்களிலிருந்து ஐம்பொறிகள் அமைகின்றன, அவற்றின் கூட்டத்தால் அறிவும் இன்பமும் பிறக்கின்றன என்பது அவன் வாதம். உணர்வற்ற பொருளிலிருந்து உணர்வு எவ்வாறு வரும் என்று நீலகேசி வினவுகிறாள். வாதத்தின் முடிவில் அவள் அச்சந்தரும் பேயுருவைக் காட்டி அவனை நடுங்கச் செய்வதாகக் கதை அமைகிறது. அச்சம் ஒருவனை வாயடைக்கச் செய்யலாம். ஆனால் அவன் கூற்றுக்கு அது விடையாகாது. இந்த வேறுபாடு, பண்டைய வாத இலக்கியத்தைப் படிப்போர் மனத்தில் கொள்ள வேண்டிய ஒன்றாகும்.

சைவ சித்தாந்தத்தின் மறுப்பு

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், உலகைத் தோற்றுவிக்க ஒரு முதல்வன் தேவை என்பதை முதற் சூத்திரத்திலும், உடலுக்கு வேறாக உயிர் உண்டு என்பதை மூன்றாம் சூத்திரத்திலும் நிறுவ முயல்கிறது. உடலை ஓர் இயந்திரமாகவே கருதும் மூன்றாம் சூத்திரம், அதனுள் உயிர் உண்டு என்பதற்குப் பல காரணங்களைத் தருகிறது. அவற்றுட் சில:

- ஒன்றை இல்லை என்று மறுப்பதற்கும் அறிபவன் ஒருவன் வேண்டும்.
- எனது உடல் என்று கூறும் வழக்கு, உடலுக்கு உரியவன் உடலின் வேறானவன் என்பதைக் காட்டுகிறது.
- ஒவ்வொரு பொறியும் ஒன்றை மட்டுமே அறியும். கண்டதையும் கேட்டதையும் சேர்த்து அறிவது அவற்றின் வேறான ஒன்று.
- உறக்கத்தில் உடல் இருந்தும் நுகர்ச்சியும் செயலும் இல்லை.

மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தில் முதலில் எடுத்துக்கொள்ளப்படுவது உலகாயதமே. பிறர் கொள்கையை முதலில் முறையாகக் கூறிப் பின்னரே மறுப்பது இந்நூலின் முறை. இதனால் உலகாயதரின் வாதங்கள் தமிழில் ஓரளவு விரிவாகப் பாதுகாக்கப்பட்டன.

காவிரிப் படுகையும் நூல்களின் பாதுகாப்பும்

பனையோலைச் சுவடிகள் நாளடைவில் சிதைவன. அவற்றைத் தலைமுறைதோறும் படியெடுக்க ஆளும் பொருளும் வேண்டும். பௌத்தருக்கு விகாரைகளும், சமணருக்குப் பள்ளிகளும், சைவருக்கு மடங்களும் இருந்தன. பூதவாதிகளுக்கு இத்தகைய நிறுவனம் இருந்ததாகச் சான்று இல்லை. அவர்களின் நூல்கள் கிடைக்காமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய காவிரிப் படுகை ஆதீனங்கள் சித்தாந்த சாத்திரங்களைத் தொடர்ந்து கற்பித்து வந்தன. பரபக்கத்தைப் பயின்ற மாணவர் உலகாயதத்தையும் அறிந்தனர். ஆன்மா இல்லை என்ற கொள்கையை, ஆன்மாவை நம்பிய மடங்களே காத்தன என்பது இவ்வரலாற்றின் சிறப்பு.

மணிமேகலையை 1894இல் திருமயிலை சண்முகம் பிள்ளை முதலில் அச்சிட்டார். திருவாவடுதுறையில் கல்வி கற்ற உ. வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், 1898இல் அதனை அரும்பதவுரையுடன் வெளியிட்டார். பௌத்தக் கருத்துகளை அறிய அவருக்கு மளூர் ரங்காசாரியர் உதவினார். பூதவாதியின் கூற்று பொது வாசகர் கைக்கு வந்தது இப்பதிப்புகளின் வழியாகவே.

உவமைகளும் அறிவியலும்

கூட்டுப் பொருளில் புதிய பண்பு தோன்றும் என்பதே பூதவாதத்தின் மைய வாதம். இதற்குக் கள் உவமை பெரிதும் பயன்பட்டது. சர்வசித்தாந்த சங்கிரகம் என்னும் வடமொழி நூல் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியன கூடும்போது தோன்றும் சிவப்பை எடுத்துக்காட்டுகிறது.

இவற்றின் காரணங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. பாக்கிலுள்ள பல்பீனால்கள் சுண்ணாம்பின் காரத்தன்மையால் சிவந்த நிறம் பெறுகின்றன. தாதகிப் பூ இன்றும் ஆயுர்வேத அரிட்டங்களைப் புளிக்கவைக்கப் பயன்படுகிறது. அதில் ஒட்டியுள்ள நொதிகள் வெல்லத்தின் சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகின்றன. பூவிலோ வெல்லத்திலோ சாராயம் இல்லை என்பதில் பூதவாதி கூறியது சரியே. எனினும் அம்மாற்றத்தைச் செய்வது உயிருள்ள நுண்ணுயிர் என்பதை 19ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டரின் ஆய்வுகள் காட்டின. கலத்தினுள் கண்ணுக்குப் புலப்படாத ஒரு காரணி இருந்தது. அதனைக் கண்டறியக் காட்சியுடன் அனுமானமும் சோதனையும் தேவைப்பட்டன.

உயிருள்ள பூதம், உயிரில்லாத பூதம் என்னும் பிரிவும் பிற்காலத்தில் வேறு வடிவில் ஆராயப்பட்டது. 1828இல் பிரீடரிக் வோலர், உயிரினங்களின் உடலில் உருவாகும் யூரியாவை ஆய்வகத்தில் உருவாக்கினார். இது உயிர்ப்பொருளுக்கும் பிற பொருளுக்கும் இடையே கருதப்பட்ட எல்லையைத் தளர்த்தியது. மறுபுறம், இன்றைய நிலையில் நுண்ணுயிர்களும் பிற உயிர்களிலிருந்தே தோன்றுகின்றன என்பதைப் பாஸ்டர் நிறுவினார். முதல் உயிர் எவ்வாறு தோன்றியது என்பது இன்றும் ஆய்வுக்குரியதாகவே உள்ளது.

மனத்தைப் பொறுத்தவரை, மூளைக்கும் அறிவுக்கும் உள்ள தொடர்பிற்குச் சான்றுகள் ஏராளம். 1848இல் அமெரிக்காவில் பினியாஸ் கேஜ் என்னும் தொழிலாளியின் தலையை இரும்புக் கம்பி ஊடுருவியது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் அவரது இயல்பு மாறியதாக மருத்துவர் பதிவு செய்தார். மயக்க மருந்து நினைவைத் தற்காலிகமாக நீக்குகிறது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என மதிப்பிடப்பட்டுள்ளது. எனினும் நரம்பணுக்களின் செயலிலிருந்து உள்ளுணர்வு அனுபவம் ஏன் எழுகிறது என்பதை 1990களில் டேவிட் சால்மர்ஸ் என்னும் மெய்யியலாளர் கடினமான சிக்கல் என்று வகைப்படுத்தினார். நீலகேசி எழுப்பிய வினாவும் ஏறத்தாழ இதுவே.

இவ்வொப்புமைகளைக் கொண்டு பூதவாதிகள் தற்கால அறிவியலை முன்னறிந்தனர் என்று கூறுவது பொருந்தாது. அவர்களிடம் சோதனை முறையோ அளவீடோ இருந்ததாகத் தெரியவில்லை. அனுமானத்தை மறுத்த ஒரு கொள்கையால், கண்ணுக்குத் தெரியாத அணுவையும் நுண்ணுயிரையும் ஏற்பதும் எளிதாயிராது.

தற்காலத்தில்

1878 முதல் 1888 வரை சென்னையில் இயங்கிய சுயசிந்தனையாளர் அமைப்பு பின்னாளில் சென்னை இலௌகிக சங்கம் எனப்பட்டது. அதன் தமிழ் இதழான தத்துவ விவேசினி, உலகத் தோற்றம், உயிர், சாதி, சடங்கு ஆகியவற்றைச் சமய நூல்களின் அதிகாரத்தை ஏற்காமல் விவாதித்தது. 1925இல் தொடங்கப்பட்ட குடி அரசு இதழில் ம. சிங்காரவேலர் 1930களில் அறிவியல், பொருள்முதல்வாதம் குறித்துக் கட்டுரைகள் எழுதினார். ஈ. வெ. இராமசாமியின் சுயமரியாதை இயக்கமும் பின்னர் திராவிடர் கழகமும் தஞ்சைப் பகுதியில் பரவலான ஆதரவைப் பெற்றன. ஒரத்தநாடு வட்டாரமும் அத்தகைய பகுதிகளுள் ஒன்று. இவ்வியக்கங்களின் முதன்மை நோக்கம் சாதி ஒழிப்பும் சமூக சமத்துவமும் ஆகும். அறிவளவை பற்றிய பூதவாதிகளின் வாதம் அவற்றின் நேரடி மூலம் அன்று.

ஆய்வுத்துறையில், தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1959இல் வெளியிட்ட உலகாயதம் பற்றிய நூல் பெரும் தாக்கம் ஏற்படுத்தியது. தமிழில் நா. வானமாமலை, மணிமேகலை முதலிய நூல்களில் காணப்படும் பொருள்முதல்வாதக் கருத்துகளை ஆராய்ந்து எழுதினார்.

மதிப்பீடு

பூதவாதிகள் இன்ப நுகர்ச்சியை மட்டுமே நாடியவர்கள் என்பது எதிர்ப்பாளர் பலரும் கூறிய குற்றச்சாட்டு. அவர்களின் சொந்த நூல்கள் இல்லாத நிலையில் இதனை உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலாது. மறுமை இல்லை என்பவர் அறமும் இல்லை என்றே கூறியாக வேண்டும் என்பதில்லை.

வாதத்தின் அடிப்படையில் நோக்கின், இரு தரப்பிலும் வலுவும் குறையும் உண்டு. உணர்வு உடலைச் சார்ந்தது என்பதிலும், சமய அனுபவத்திற்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டு என்பதிலும் பூதவாதிகள் கூர்மையான கருத்துகளை முன்வைத்தனர். காட்சி மட்டும் போதாது என்பதிலும், சேர்க்கை என்ற சொல்லே முழு விளக்கம் ஆகிவிடாது என்பதிலும் அவர்களின் எதிர்ப்பாளர் சரியாக வாதிட்டனர். மாற்றுக் கருத்தைத் தம் நூலுக்குள்ளேயே பேசவிட்ட ஆசிரியர்களால்தான் இவ்விரண்டையும் இன்று ஒப்பிட முடிகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- உலகாயதம்
- ஆசீவகம்
- மணிமேகலை
- நீலகேசி
- சிவஞான சித்தியார்
- ஐம்பூதங்கள்
- தத்துவ விவேசினி